ஹை-சைடு சுவிட்ச்: சிமுலேஷனில் இன்ரஷ் 2 ஆம்பியர்கூட இல்லை, தோட்டத்தில் மாஸ்ஃபெட் வெந்துபோகிறது

#1 பாளை_பவர்

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். சோலார் பம்புக்கான 24 வோல்ட் கன்ட்ரோல் பெட்டி செய்து கொடுக்கிறோம். பேட்டரியிலிருந்து பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டார் கன்ட்ரோலருக்குப் போகும் பிளஸ் லைனில் ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் (எலக்ட்ரானிக் சுவிட்ச்) உட்கார்ந்திருக்கும்; பிளஸ் பக்கத்தில் இருப்பதால் ஹை-சைடு சுவிட்ச் என்பார்கள். தொட்டி நிரம்பினால் ஃப்ளோட் சுவிட்ச் அதை ஆஃப் செய்யும், தண்ணீர் இறங்கினால் ஆன் செய்யும். அவ்வளவுதான் வேலை.

சர்க்யூட் இது. மாஸ்ஃபெட் ஐஆர்எஃப்4905: 55 வோல்ட், 74 ஆம்பியர், 20 மில்லி ஓம். மோட்டார் கன்ட்ரோலரின் உள்ளே நுழையும் இடத்தில் 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் கால் பேட்டரிக்கு, டிரெயின் கால் மோட்டாருக்கு, கேட் கால் கட்டுப்படுத்த. கேட்டுக்கும் டிரெயினுக்கும் நடுவே 220 நானோஃபாரட். கேட்டுக்கும் சோர்சுக்கும் நடுவே 3.3 மைக்ரோஃபாரட், அதற்கு இணையாக 220 கிலோ ஓம். இன்னொரு 220 கிலோ ஓம் வழியாகக் கேட்டைக் கீழே இழுப்பது ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர்.

எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளில் முதலில் கேட் கெப்பாசிட்டர்கள் இல்லாமல் ஓட்டினேன். ஆன் ஆகும் நொடியில் பாயும் கரன்ட் (இன்ரஷ்) 1200 ஆம்பியர் என்று காட்டியது. பயந்துபோய் மேலே சொன்ன மெதுவான ஸ்டார்ட்டைச் சேர்த்தேன். இப்போது 1.6 ஆம்பியர், 70 மில்லி செகண்டில் 24 வோல்ட் ஏறிவிடுகிறது. படம் பார்க்க அழகாக இருக்கிறது.

பெட்டிகளைச் சித்திரையில் பணகுடி பக்கம் முருங்கைத் தோட்டங்களில் மாட்டினோம். அந்த வெயிலில் ஒன்றும் ஆகவில்லை. ஆனி பிறந்த பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது. எல்லாவற்றிலும் மாஸ்ஃபெட் மூன்று காலும் ஷார்ட். இன்ரஷ்தான் காரணம் என்று நினைக்கிறேன். அதைச் சிமுலேஷனில் வர வைப்பது எப்படி?

#2 சாலிடர்_சித்தன்

டூப்ளிகேட் மாஸ்ஃபெட். வேறு ஒன்றும் இல்லை. மேலே அச்சடித்த எழுத்தை அசிட்டோன் தொட்டுத் துடைத்துப் பாருங்கள், உள்ளே வேறு நம்பர் இருக்கும்.

#3 பாளை_பவர்

அதையும் பார்த்துவிட்டேன் சார். முறையான விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்கியது. அதே லாட்டில் வந்தவை பட்டறை மேசையில் இன்றும் ஓடுகின்றன. மேசையில் ஒன்றுகூடப் போனதில்லை, அதுதான் குழப்பமே.

#4 கயத்தாறு_காத்தாடி

தம்பி, முதலில் அந்த 1200 ஆம்பியரைப் பற்றி இரண்டு வார்த்தை. நீங்கள் பயந்தது இல்லாத பூதத்துக்கு.

24 வோல்ட்டை 20 மில்லி ஓமால் வகுத்தால் 1200. அதாவது உங்கள் சிமுலேஷனில் மாஸ்ஃபெட்டைத் தவிர வேறு எதற்குமே ரெசிஸ்டன்ஸ் இல்லை. ஸ்பைஸில் பேட்டரி என்று ஒரு வட்டம் போட்டால் அது எத்தனை ஆயிரம் ஆம்பியர் கேட்டாலும் கொடுக்கும். கெப்பாசிட்டர் என்று இரண்டு கோடு போட்டால் அதற்குள் ஓம் என்பதே கிடையாது. தோட்டத்தில் இருப்பது அப்படியா? இரண்டு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி தொடராகச் சேர்ந்தால் உள் ரெசிஸ்டன்ஸ் 20 மில்லி ஓம் என்று வையுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு மீட்டருக்கு 4.6 மில்லி ஓம் வரும். போக 2 மீட்டர், வர 2 மீட்டர் என்றால் 18. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் உள்ளே ஒரு 30. மாஸ்ஃபெட் 20. கூட்டினால் 90 மில்லி ஓம் பக்கம் வருகிறது. வயருக்கு மீட்டருக்கு 1 மைக்ரோஹென்ரி என்று தோராயமாக 4 மைக்ரோஹென்ரி இண்டக்டன்ஸும் போட்டு ஓட்டுங்கள். உச்சம் சுமார் 220 ஆம்பியர், அதுவும் 120 மைக்ரோசெகண்ட் கழித்துத்தான் வரும். 1200 எங்கே, 220 எங்கே?

220-ம் நல்லதில்லைதான். அந்த மாஸ்ஃபெட்டின் பல்ஸ் வரம்பே 260 ஆம்பியர். ஆகவே மெதுவாக ஏற்றியது சரியான முடிவு. கேட்டுக்கும் டிரெயினுக்கும் நடுவே கெப்பாசிட்டர் வைத்து மில்லர் முறையில், அதாவது அந்தக் கெப்பாசிட்டரே அவுட்புட் ஏறும் வேகத்தைக் கட்டுப்படுத்தும்படி, ஏற்றுவதும் சரி. ரசித்த இன்னொன்று, அந்த 3.3 மைக்ரோஃபாரட். பேட்டரியை மாட்டும் அந்த நொடியில் டிரெயின் பூஜ்யத்தில் இருக்கும், சோர்ஸ் 24-க்குத் தாவும். 220 நானோஃபாரட் மட்டும் தனியாக இருந்தால் கேட் கீழேயே மாட்டிக்கொண்டு மாஸ்ஃபெட் தானாகவே ஆன் ஆகிவிடும். 3.3 மைக்ரோ இருப்பதால் கேட்டுக்கும் சோர்சுக்கும் ஒன்றரை வோல்ட் மட்டுமே விழும். மாஸ்ஃபெட் ஆன் ஆகத் தொடங்கும் கேட் வோல்டேஜ், அதாவது திரெஷோல்டு, குறைந்தபட்சம் 2 வோல்ட் என்பதால் தப்பிக்கிறது. பாதிப் பேர் இதை விட்டுவிடுவார்கள்.

இனி ஆன் ஆகும்போது வரும் சூடு. லோடு வெறும் கெப்பாசிட்டர் என்றால் எவ்வளவு மெதுவாக ஏற்றினாலும் மாஸ்ஃபெட் தின்னும் எனர்ஜி ஒன்றேதான்: பாதி × கெப்பாசிட்டன்ஸ் × வோல்டேஜின் வர்க்கம். உங்களுக்கு 1.35 ஜூல். 70 மில்லி செகண்டில் ஏற்றினால் ஆரம்பத்தில் 37 வாட், பிறகு நேர்கோட்டில் பூஜ்யத்துக்கு இறங்கும். ஜங்ஷனிலிருந்து (உள்ளே இருக்கும் சிலிக்கான்) உடல் வரைக்கும் 0.75 டிகிரி ஒரு வாட்டுக்கு என்று டேட்டாஷீட் சொல்கிறது. அதையே முழுசாகப் போட்டாலும் 28 டிகிரிக்கு மேல் ஏற வழியில்லை. இந்த இன்ரஷ் ஒரு எறும்பைக்கூடக் கொல்லாது.

மெதுவாக ஏறும்போதே மோட்டார் ஓடத் தொடங்கினால் கதை வேறு. உங்கள் மோட்டார் கன்ட்ரோலர் பவர் வந்த உடனே சுழற்றுமா?

#5 பாளை_பவர்

இல்லை அண்ணாச்சி. பவர் வந்து 2 செகண்ட் கழித்துத்தான் மோட்டார் அசையும். அதற்குள் 24 வோல்ட் முழுசாக ஏறிவிடும். ஓடும்போது 240 வாட், அதாவது 10 ஆம்பியர். 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் கன்ட்ரோலர் தானாக நின்றுவிடும்.

#6 மேலப்பாளையம்_மின்பொறி

நான் இறுதியாண்டு படிக்கிறேன், குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். சிமுலேஷனில் வெப்பநிலை மாற்றினீர்களா அண்ணா? எதுவும் சொல்லாவிட்டால் ஸ்பைஸ் 27 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். பாளையங்கோட்டை வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் 60 டிகிரி சாதாரணமாக வரும். சூட்டில் திரெஷோல்டு குறையும், ஆன் ரெசிஸ்டன்ஸ் கூடும்.

#7 வள்ளியூர்_வயர்மேன்

எனக்கு இந்த ஸ்பைஸ், கிஸ்பைஸ் எல்லாம் தெரியாது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மோட்டார் வேலைக்குப் போகிறவன் என்பதால் சொல்கிறேன்.

வெயில்தான் காரணம் என்றால் சித்திரையில் போயிருக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் நிற்கிற பெட்டி, ஆனியில் சாரல் குளிர்ச்சி வந்த பிறகு ஏன் போகிறது? ஆனி, ஆடியில் பணகுடியில் புதிதாக வருவது ஒன்றே ஒன்றுதான். காற்று. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வருகிற காற்றில் ஆளே நடக்க முடியாது. அங்கே தொட்டி எல்லாம் மேலே மூடாத சிமென்ட் தொட்டி. காற்றில் தண்ணீர் தளும்பிக்கொண்டே இருக்கும். ஃப்ளோட் அதோடு சேர்ந்து ஆடும். தொட்டி நிரம்பப்போகிற நேரத்தில் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், ரிலே வைத்த பழைய பெட்டிகளில் டக்டக்கென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ரிலே பாயின்ட் கரிந்துபோய் நானே மாற்றியிருக்கிறேன்.

உங்கள் மேசையில் காற்று அடிக்காது, அதனால்தான் அங்கே போகவில்லை.

#8 கயத்தாறு_காத்தாடி

வயர்மேன் அண்ணாச்சி, அருமை. நானும் காற்றாலைப் பராமரிப்பில்தான் இருக்கிறேன், ஆனியில் அந்தக் காற்று என்ன செய்யும் என்று தெரிந்தும் இது என் தலையில் உறைக்கவில்லை பாருங்கள்.

தம்பி, ஒரு கேள்வி. உங்கள் டிரான்சியன்ட் ஓட்டம் (நேரப்படி ஓடும் சிமுலேஷன்) எத்தனை மில்லி செகண்டில் முடிகிறது?

#9 பாளை_பவர்

300. ஆன் செய்து முதல் 150 மில்லி செகண்ட் கேட் சார்ஜ் ஆக ஆகிறது, அப்புறம் 70-ல் ஏறி முடிந்துவிடும். அதற்குப் பிறகு வெறும் நேர்கோடு என்பதால் நிறுத்திவிட்டேன். லோடு கெப்பாசிட்டர் மட்டும்தான், மோட்டார் போடவில்லை. இன்ரஷ் பார்ப்பதற்கு மோட்டார் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

#10 கயத்தாறு_காத்தாடி

கேட்ட கேள்விக்கு ஸ்பைஸ் ஒழுங்காகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. ஆஃப் ஆகும்போது என்ன நடக்கும் என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

இப்போது கையாலேயே கணக்குப் போடுவோம். ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு 220 கிலோ ஓமும் பாதி பாதியாகப் பிரிப்பதால் கேட்டுக்கும் சோர்சுக்கும் 12 வோல்ட். ஃப்ளோட் ஆஃப் சொன்னதும் கீழே இழுக்கிற டிரான்சிஸ்டர் விட்டுவிடும். இனி கேட்டில் இருக்கிற சார்ஜ் வெளியேற ஒரே வழி சோர்சுக்குப் போகிற அந்த 220 கிலோ ஓம். மூன்றரை மைக்ரோஃபாரட், 220 கிலோ ஓம், 12 வோல்ட்டிலிருந்து 4 வோல்ட் வரை இறங்க முக்கால் செகண்டுக்கு மேலே ஆகும். அதுவரை மாஸ்ஃபெட் முழு ஆனிலேயே இருக்கும், தொந்தரவில்லை.

4 வோல்ட் பக்கம் வந்ததும் மில்லர் தட்டு: அவுட்புட் மாறி முடியும் வரை கேட் வோல்டேஜ் அங்கேயே நிற்கும். ஆன் ஆகும்போது உங்களைக் காப்பாற்றிய அதே 220 நானோஃபாரட், இறங்கும்போதும் அவுட்புட்டைப் பிடித்துவைத்து மெதுவாகத்தான் இறக்கும். 4 வோல்ட், 220 கிலோ ஓம்: 18 மைக்ரோஆம்பியர். அதை 220 நானோவால் வகுத்தால் செகண்டுக்கு 83 வோல்ட். 24-லிருந்து கன்ட்ரோலர் நிற்கிற 10 வோல்ட் வரைக்கும் 170 மில்லி செகண்ட். அத்தனை நேரமும் மோட்டார் ஓடுகிறது!

மோட்டார் கன்ட்ரோலர் வேகத்தைக் காப்பாற்றப் பார்க்கும். வோல்டேஜ் குறைந்தால் கரன்ட்டைக் கூட்டி 240 வாட்டை உறிஞ்சும். 10 வோல்ட்டில் 24 ஆம்பியர், மாஸ்ஃபெட்டின் தலையில் மீதி 14 வோல்ட். 336 வாட். மொத்த எனர்ஜியைக் கூட்டினால் சுமார் 20 ஜூல். ஆன் ஆகும்போது 1.35, ஆஃப் ஆகும்போது 20!

#11 சாலிடர்_சித்தன்

ஆஹா. டூப்ளிகேட் இல்லை, சரி. வாபஸ்.

#12 மேலப்பாளையம்_மின்பொறி

அண்ணாச்சி, ஒரு சின்ன மறுப்பு. 10 வோல்ட் வரைக்கும் மோட்டார் 240 வாட்டே இழுக்கும் என்பது சரியாகாது என்று நினைக்கிறேன். பிடபிள்யூஎம் டியூட்டி (மோட்டாருக்குக் கரன்ட் விடும் நேரத்தின் பங்கு) 100 சதவீதத்தைத் தொட்ட பிறகு கன்ட்ரோலரால் மேலே கூட்ட முடியாது. மோட்டார் 24 வோல்ட்டில் 60, 65 சதவீத டியூட்டியில் ஓடுகிறது என்றால் 15 வோல்ட் வரைக்கும்தான் பவர் மாறாமல் இருக்கும். அதற்குக் கீழே வேகம் வோல்டேஜோடு இறங்கும். சென்ட்ரிஃபியூகல் பம்ப் என்பதால் பவர் வேகத்தின் கனத்தோடு விழும்.

அப்படிப் போட்டுப் பார்த்தேன். 15 வோல்ட்டில்: 16 ஆம்பியர், 9 வோல்ட், 144 வாட். 12 வோல்ட்டில்: பம்ப் எடுப்பது 123 வாட், மாஸ்ஃபெட்டிலும் அதே 123. 10 வோல்ட்டில்: 7 ஆம்பியர், 14 வோல்ட், 100 வாட். மொத்தம் 14 ஜூல் வருகிறது.

#13 கயத்தாறு_காத்தாடி

சரியான மறுப்பு, உங்கள் கணக்குதான் சரி. 336 வாட்டை மறந்துவிடுங்கள், உச்சம் 144. ஆனாலும் 14 ஜூல் என்பது ஆன் ஆகும்போது வருவதைப் போலப் பத்து மடங்கு.

144-ஐ 0.75-ஆல் பெருக்கினால் உடலை விட ஜங்ஷன் 108 டிகிரி வரை மேலே போகலாம். பெட்டிக்குள் 60 என்றால் 168. வரம்பு 175. ஒரு தடவை என்றால் மயிரிழையில் தப்பும். அதனால்தான் சித்திரையில் தப்பியது. நாளுக்கு ஓரிரு தடவைதானே தொட்டி நிரம்பும். ஆனால் ஹீட்சிங்க் (சூடு ஆற்றும் உலோகத் தகடு) இல்லாத டிஓ-220 (இந்த மாஸ்ஃபெட்டின் உறை வகை) உடலை ஒரு டிகிரி ஏற்ற ஒரு ஜூல்கூடத் தேவையில்லை. 14 ஜூல் உள்ளே போனால் உடலே 15, 20 டிகிரி ஏறும், அது காற்றில் ஆற அரை நிமிடத்துக்கு மேலே ஆகும். அதற்குள் ஃப்ளோட் ஆடி, மோட்டார் மறுபடி ஓடி, மறுபடி ஆஃப் ஆனால் அடுத்த அடி சூடான உடலின் மேல் விழும்.

தம்பி, ஹீட்சிங்க் உண்டா?

#14 பாளை_பவர்

இல்லை அண்ணாச்சி. 10 ஆம்பியருக்கு 20 மில்லி ஓம், 2 வாட்தானே என்று போர்டில் படுக்க வைத்து செம்புப் பரப்பில் சாலிடர் செய்திருக்கிறோம். ஓடும்போது தொட்டால் சூடாக இருக்கும், பொறுக்க முடியாத சூடு இல்லை.

#15 மேலப்பாளையம்_மின்பொறி

வயர்மேன் மாமா சொன்ன டக்டக்கை அப்படியே ஸ்பைஸில் போட்டுப் பார்த்தேன். இது இன்னும் மோசம்.

செய்தது இதுதான். ஃப்ளோட்டுக்குப் பதில் ஒரு பல்ஸ் சோர்ஸ். மோட்டாருக்குப் பதில் ஒரு பிஹேவியரல் கரன்ட் சோர்ஸ் (சூத்திரப்படி கரன்ட் இழுப்பது). 15 வோல்ட்டுக்கு மேலே 240-ஐ வோல்டேஜால் வகுத்தால் வரும் கரன்ட், அதற்குக் கீழே வோல்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும் கரன்ட், 10-க்குக் கீழே பூஜ்யம். 10 வோல்ட்டில் சட்டென்று வெட்டினால் நேரப்படி மிகச் சிறிதாகிவிட்டது என்று சொல்லி ஓட்டம் நின்றுவிடுகிறது. அரை வோல்ட் அகலத்துக்குச் சரிவாக வெட்டினால் ஓடுகிறது. வகுக்கும் இடத்தில் வோல்டேஜ் பூஜ்யமாகிவிடாமல் ஒரு கீழ் வரம்பும் வேண்டும்.

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. தொட்டி நிரம்பப்போகிறது. ஃப்ளோட் அலையில் ஆடி, செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஆன், மீதி ஆஃப். ஆன் நேரத்தில் கேட் கெப்பாசிட்டர்களுக்குள் போவது 73 மைக்ரோஆம்பியர். ஆஃப் நேரத்தில் வெளியேறுவது 18 மைக்ரோஆம்பியர். ஒரு பங்கு 73-ம் நான்கு பங்கு 18-ம் கிட்டத்தட்ட சமம். அதாவது கேட் வோல்டேஜ் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை, சரியாக 4 வோல்ட் பக்கம் உட்கார்ந்துகொள்கிறது. மில்லர் தட்டு இருக்கும் இடமே அதுதான். அலை நிற்கும் வரைக்கும் மாஸ்ஃபெட் பாதி ஆன், பாதி ஆஃப். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, நூறு வாட் அளவில் உள்ளே எரிந்துகொண்டே இருக்கிறது. 170 மில்லி செகண்ட் என்ற எல்லையே இல்லை.

#16 வள்ளியூர்_வயர்மேன்

அந்தப் பெட்டி இருக்கிற தோட்டத்தில் பம்ப் இழுத்து இழுத்து ஓடும், தண்ணீர் விட்டு விட்டு வரும் என்று தோட்டக்காரர் சொன்னார். பேட்டரி வீக் என்று நினைத்து பேட்டரியை மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போதுதான் புரிகிறது.

#17 கயத்தாறு_காத்தாடி

பிள்ளை பிரமாதமாகப் பிடித்துவிட்டது. இதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். இந்தச் சிமுலேஷன்கூட மாஸ்ஃபெட்டின் மேல் கருணையாகத்தான் இருக்கிறது.

சாதாரண ஸ்பைஸ் மாடலுக்கு ஒரு மாஸ்ஃபெட் என்றால் ஒரே வெப்பநிலை, அதுவும் ஓட்டம் முழுக்க மாறாது. நிஜத்தில் அந்தச் சிலிக்கான் துண்டுக்குள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன செல்கள் இணையாக இருக்கின்றன. கேட்டில் நிறைய வோல்டேஜ் கொடுத்து முழு ஆனில் வைத்தால், சூடான செல்லுக்கு ரெசிஸ்டன்ஸ் கூடும், கரன்ட் தானாக அடுத்த செல்லுக்கு நகர்ந்துவிடும். எல்லோருக்கும் தெரிந்த நல்ல குணம் இது. கேட் வோல்டேஜ் திரெஷோல்டை ஒட்டி இருக்கும்போது அது தலைகீழாகிவிடும். சூடான செல்லின் திரெஷோல்டு இறங்கும், அது இன்னும் அதிகக் கரன்ட்டை இழுக்கும், இன்னும் சூடாகும். ஒரு மூலையில் மட்டும் வெந்து ஷார்ட் ஆகிவிடும். ஸ்பிரிட்டோ விளைவு என்பார்கள்.

இதனால் வாட் கணக்கு மட்டும் போதாது. டேட்டாஷீட்டில் பாதுகாப்பு இயக்கப் பரப்பு என்று ஒரு படம் இருக்கும். வோல்டேஜ் கிடையாக, கரன்ட் செங்குத்தாக, பல்ஸ் நீளத்துக்கு ஒரு கோடு. சுவிட்சிங்குக்கென்று செய்த பல மாஸ்ஃபெட்டுகளுக்கு அதில் 10 மில்லி செகண்ட் கோட்டோடு படம் முடிந்துவிடும். அதற்கு மேலே லீனியரில் (பாதி ஆனில்) வைக்காதே என்று அர்த்தம். நம் தம்பியின் மாஸ்ஃபெட் அங்கே செகண்ட் கணக்கில் நின்றிருக்கிறது.

வெப்பத்தையும் சிமுலேஷனில் பார்க்க வேண்டும் என்றால் டேட்டாஷீட்டின் டிரான்சியன்ட் தெர்மல் இம்பீடன்ஸ் படத்தைப் பார்த்து ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ஏணி ஒன்று செய்யுங்கள். வாட்டை ஆம்பியராக உள்ளே விட்டால் டிகிரி வோல்ட்டாக வெளியே வரும். இன்ஃபினியன் மாதிரி சிலர் ஜங்ஷன் வெப்பநிலைக்கென்று தனிக் காலே வைத்த மாடல்களும் தருகிறார்கள். அந்த மாடல்களிலும் ஹாட் ஸ்பாட் தெரியாது, சராசரிதான் தெரியும். ஆகவே 175-க்கு 168 என்று வந்தால் தப்பித்தோம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் 125-ஐத் தாண்டினாலே சர்க்யூட்டை மாற்றிவிடுவேன்.

#18 பாளை_பவர்

இப்போது தெளிவாகிவிட்டது. 3.3 மைக்ரோவைக் குறைத்தால் சீக்கிரம் ஆஃப் ஆகும், ஆனால் பேட்டரி மாட்டும்போது தானாக ஆன் ஆகிவிடும். 220 கிலோ ஓமைக் குறைத்தால் இன்ரஷ் கூடிவிடும். ஏறுவது மெதுவாகவும் இறங்குவது வேகமாகவும் எப்படிச் செய்வது? போர்டு அச்சடித்து அடுக்கி வைத்திருக்கிறேன், தூக்கிப் போட மனசில்லை.

#19 கயத்தாறு_காத்தாடி

இரண்டே சாமான் போதும்.

கீழே இழுக்கிற டிரான்சிஸ்டரின் கலெக்டரிலிருந்து பிளஸ் லைனுக்கு 2.2 கிலோ ஓம், அரை வாட். அதே கலெக்டரிலிருந்து கேட்டுக்கு ஒரு 1என்4148 டயோடு, ஆனோடு கலெக்டர் பக்கம், கேத்தோடு கேட் பக்கம். ஏற்கெனவே இருக்கிற 220 கிலோ ஓமுக்கு இணையாக உட்காரும். அந்த ரெசிஸ்டரின் மேலேயே சாலிடர் செய்துவிடலாம்.

ஆன் ஆகும்போது கலெக்டர் கீழே, டயோடு தடுக்கும், 220 கிலோ ஓம் வழியாக மட்டுமே போகும். பழைய 70 மில்லி செகண்ட் அப்படியே இருக்கும். ஆஃப் ஆகும்போது 2.2 கிலோ ஓம் கலெக்டரை மேலே தூக்கும், டயோடு வழியாகக் கேட்டையும் தூக்கும். 12-லிருந்து 4-க்கு வர 10 மில்லி செகண்ட்கூட ஆகாது. தட்டில் ஒன்றரை மில்லிஆம்பியர் கிடைக்கிறது. அந்தக் கரன்ட்டுக்கு மில்லர் வேகம் செகண்டுக்கு 7000 வோல்ட் வரை போகலாம். அவுட்புட்டில் இருக்கிற 4700 மைக்ரோஃபாரட்டை மோட்டாரின் 10 ஆம்பியர் செகண்டுக்கு 2100 வோல்ட் வேகத்தில்தான் காலி செய்ய முடியும். ஆகவே அவுட்புட் இறங்குவதற்கு முன்பே மாஸ்ஃபெட் கை கழுவிவிடும், மோட்டாருக்கு மிச்சத்தை கெப்பாசிட்டரே கொடுக்கும். 14 ஜூல் போய் 0.1 ஜூலுக்கும் கீழே வந்துவிடும்.

ஆனில் இருக்கும்போது அந்த 2.2 கிலோ ஓமில் 11 மில்லிஆம்பியர் வீணாகும். பம்ப் ஓடும்போது மட்டும் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

#20 மேலப்பாளையம்_மின்பொறி

டயோடு போட்டு அதே டக்டக்கை ஓட்டினேன். அலையில் வரும் குட்டிக் குட்டி ஆன்களுக்கு மாஸ்ஃபெட் அசையவே இல்லை. ஒவ்வொரு ஆஃபிலும் கேட் முழுசாகக் காலியாகிவிடுகிறது, ஆன் ஆக 150 மில்லி செகண்ட் தொடர்ந்து வேண்டும். ஒரு செகண்ட் நீண்ட ஆன் வந்தால் கெப்பாசிட்டர் மட்டும் சார்ஜ் ஆகிறது, மோட்டார் அசைவதற்கு முன் மறுபடி ஆஃப். அதனால் மாஸ்ஃபெட்டில் விழுவது 1.35 ஜூலுக்கு மேலே போகவில்லை. ஆனால் அலை நிற்காமல் அடித்தால் அதுவும் சேர்ந்துகொண்டே போகும்.

#21 வள்ளியூர்_வயர்மேன்

ஃப்ளோட்டைச் சும்மா தொங்கவிடாமல் ஒரு 4 இன்ச் பிவிசி பைப்புக்குள் இறக்கி, பைப்பின் அடியில் சின்ன ஓட்டை போட்டுவிடுங்கள். வெளியே எவ்வளவு தளும்பினாலும் பைப்புக்குள் தண்ணீர் நிதானமாகத்தான் ஏறி இறங்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஃப்ளோட் வைத்தால் இன்னும் நல்லது.

#22 சாலிடர்_சித்தன்

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு பாடு? கார்களில் போடுகிற ஸ்மார்ட் ஹை-சைடு சுவிட்ச் ஐசி ஒன்றைப் போட்டால் முடிந்தது. கரன்ட் லிமிட், சூடானால் தானே கட் ஆவது, எல்லாம் உள்ளேயே இருக்கும்.

#23 கயத்தாறு_காத்தாடி

அவை நல்ல சாமான்தான், இடம் பார்த்துப் போட வேண்டும். அவை பிறந்தது பல்புக்காக. 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு எரியும்போது 1.75 ஆம்பியர்தான். குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் ரெசிஸ்டன்ஸ் எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதால் முதல் சில மில்லி செகண்ட் 15, 20 ஆம்பியர் அடிக்கும். அதை விட்டுக்கொடுத்துத் தாங்கும்படி அந்த ஐசிகளின் கரன்ட் லிமிட் உயரத்தில் இருக்கும்.

4700 மைக்ரோஃபாரட்டை அதில் மாட்டினால் லிமிட்டில் நின்று, சூடாகி, கட் ஆகி, ஆறி, மறுபடி ஆன் ஆகி என்று படிப்படியாக சார்ஜ் செய்யும். ஒவ்வொரு படியிலும் சிலிக்கான் விரிந்து சுருங்கும், ஆயுள் குறையும். பெரிய கெப்பாசிட்டருக்கு என்றே லிமிட்டைக் குறைத்துவைக்க வசதி உள்ள ஐசிகள் இருக்கின்றன, டேட்டாஷீட்டில் கெப்பாசிட்டிவ் லோடு என்று தனிப் பகுதி இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். 24 வோல்ட்டுக்கும் 10 ஆம்பியருக்கும் பொருந்துவதைத் தேடி, போர்டையும் மாற்றி... தம்பியிடம் அச்சடித்த போர்டு இருக்கும்போது நான் டயோடையே போடுவேன்.

#24 சாலிடர்_சித்தன்

அடுத்த போர்டுக்காவது ஐசி போடச் சொல்லுங்கள். அண்ணாச்சிக்கு டிஸ்கிரீட் (தனித்தனி சாமான்) என்றால் ஒரு பாசம்.

#25 பாளை_பவர்

2.2 கிலோ ஓமும் டயோடும் போட்டுப் பட்டறையில் மோட்டாரோடு ஓட்டிப் பார்த்தேன். ஃப்ளோட் வயரைக் கையாலேயே தொட்டுத் தொட்டு எடுத்தேன். ஸ்கோப்பில் கேட் பளிச்சென்று மேலே ஏறுகிறது, இழுத்து இழுத்து ஓடுவது இல்லை, மாஸ்ஃபெட் உடல் சூடு ஏறவில்லை. பழைய போர்டில் அதே மாதிரி தொட்டு எடுத்ததும் மாஸ்ஃபெட்டில் கை வைக்க முடியவில்லை. பட்டறை மேசையிலேயே கொன்றுபார்க்க இத்தனை நாள் தோன்றவே இல்லை.

தோட்டத்தில் இருக்கிறவற்றையும் இப்படியே மாற்றப்போகிறேன். வயர்மேன் அண்ணாச்சி, பைப் வேலைக்கு நீங்களும் வர முடியுமா? கூலி பேசிக்கொள்ளலாம், தனிச்செய்தி அனுப்புகிறேன்.

இன்னொரு சந்தேகம். சீக்கிரம் ஆஃப் செய்தால் வயர் இண்டக்டன்ஸில் ஸ்பைக் வந்து 55 வோல்ட்டைத் தாண்டாதா?

#26 மேலப்பாளையம்_மின்பொறி

4 மைக்ரோஹென்ரி, 10 ஆம்பியர்: 0.2 மில்லிஜூல்தான் அண்ணா. அதுவும் 2 மில்லி செகண்ட் எடுத்து இறங்குகிறது, மைக்ரோசெகண்டில் இல்லை. சிமுலேஷனில் 24-க்கு மேலே கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஒன்றும் எழவில்லை.

#27 கயத்தாறு_காத்தாடி

ஆமாம். இருந்தாலும் உள்ளே வரும் பக்கம் ஒரு 33 வோல்ட் டிவிஎஸ் டயோடு (வோல்டேஜ் எகிறினால் தடுப்பது) போட்டுவிடுங்கள். பேட்டரி டெர்மினல் லூசாகி ஓடும்போதே கழன்றால் சோலார் சார்ஜர் அந்த நிமிடம் என்ன வோல்டேஜ் கொடுக்கும் என்று நம் மாடலில் யாரும் போடவில்லை.

#28 வள்ளியூர்_வயர்மேன்

வருகிறேன் தம்பி. காலையில் காற்று எழும்புவதற்கு முன்னால் போய்விட வேண்டும். 4 இன்ச் பைப்பும் எண்ட் கேப்பும் வள்ளியூரிலேயே வாங்கிக்கொள்ளலாம், பாளையிலிருந்து சுமக்காதீர்கள்.